பருத்திக் காயில் ஒரு பகைவன்

பஞ்சு வெடிக்க வேண்டிய காய்க்குள்ளே ஒரு புழு குடியிருக்கிறது. இளஞ்சிவப்பு நிறம், பார்வைக்கு அழகுதான். ஆனால் உள்ளிருந்தபடியே விதையைத் தின்று, பஞ்சைக் கறைப்படுத்தி, குடியானவனுடைய உழைப்பையெல்லாம் பாழாக்கி விடுகிறது. மேலே தெளிக்கும் மருந்து காய்க்குள் எட்டுவதில்லை.

இதனை வெல்ல விஞ்ஞானிகள் கண்ட யுக்தி வெகு நேர்த்தியானது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர், சில வகைப் புழுக்களுக்கு யமனான ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அந்த வித்தையைப் பருத்திச் செடிக்கே கற்றுக் கொடுத்துவிட்டார்கள்! பி.டி. பருத்தி என்பது இதுவே. 2002-ஆம் ஆண்டில் நமது சர்க்கார் இதற்கு அனுமதி அளித்தனர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தேசத்தின் பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் இதுவே பரவிற்று.

அதற்குள்ளாகவே, 2010-இல், குஜராத்திலிருந்து துர்ச்செய்தி வந்தது. அம்ரேலி, பவநகர் முதலிய ஜில்லாக்களில் புழு அந்த விஷத்தைத் தின்று சுகமாய் வளர்கிறதாம்!

"விஷம் பழகிப் போயிற்று" என்று சொல்வார்கள். உண்மை அதுவன்று. விஷப் புரதம் புழுவின் குடற்சுவரிலுள்ள காட்ஹெரின் என்னும் மற்றொரு புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றினால்தான் சுவரில் துளை விழும், புழு மாளும். கோடிக்கணக்கான புழுக்களில் எதோ சிலவற்றுக்கு, அந்தக் காட்ஹெரினை அமைக்கும் ஜீனில் தற்செயலாய் ஒரு பிழை நேர்ந்திருந்தது. பிடிப்பதற்கு இடமில்லாமல் விஷம் வழுக்கிச் சென்றது. மற்றவையெல்லாம் மடிய, இவை மட்டும் மிஞ்சிச் சந்ததி பெருக்கின.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தப் பிழை வந்தாலன்றிப் புழு பிழைக்காது. ஆகவே வயலின் ஓரத்தில் சில வரிசை சாதாரணப் பருத்தி விதைத்தால், அங்கே வளரும் சாதாரண அந்துப் பூச்சிகள் தப்பிய சிலவற்றோடு கூடும். பிறக்கும் குஞ்சுகள் விஷத்துக்குப் பலியாகும். இதற்கென்றே நம் நாட்டில் விதைப் பையோடு 120 கிராம் சாதாரண விதையும் கொடுத்தார்கள். பெரும்பாலோர் அதை விதைக்கவில்லை. சொந்த நிலத்தில் புழுவுக்கு விருந்து வைக்க யாருக்கு மனம் வரும்? மூன்று ஏக்கர்க்காரரைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. இந்தப் புழுவோ பருத்தியைத் தவிர வேறு பயிரை அதிகம் நாடுவதுமில்லை. ஆதலால் இயற்கையான புகலிடமும் இல்லாமற் போயிற்று.

அமெரிக்காவில் அரிஸோனா விவசாயிகள் 1996 முதல் இந்த ஓர வரிசைகளைச் சிரத்தையுடன் பயிரிட்டார்கள். பின்னர் மலட்டு அந்துகளையும் வானிலிருந்து கோடிக்கணக்கில் தூவினார்கள். 2018-இல் அத்தேசத்துப் பருத்தி வயல்களில் இப்புழு ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது.

நம் நாட்டில் 2006-இல் இரண்டு விஷங்கள் சேர்ந்த பருத்தி வந்தது. புழு அதையும் வென்றது. இம்முறை பிழை நேர்ந்தது வேறொரு ஜீனில். இப்பொழுது விவசாயிகளுக்குக் கூறப்படும் யோசனைகள் பழைய காலத்தவை: பருத்தியைக் காலத்தில் அறுவடை செய்து முடிப்பது, காய்ந்த மாரை வயலில் நிற்க விடாமல் அழிப்பது, ஆண் அந்துகளை மணங்காட்டிப் பொறியில் பிடிப்பது.