மறுவாழ்வு மருத்துவர்

மறுவாழ்வு மருத்துவர் என்பவர், நோயாலோ விபத்தாலோ உடல் இயக்கத்தை இழந்தவர்கள் இயன்ற அளவு தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ள உதவும் சிறப்பு மருத்துவர் ஆவார். எம்.பி.பி.எஸ். முடித்தபின் எம்.டி. (பி.எம்.ஆர்.) போன்ற முதுநிலைப் படிப்பைப் பயின்றவர். பக்கவாதம், தண்டுவடக் காயம், தலைக்காயம், மூளை முடக்குவாதம், கை கால் இழப்பு ஆகியவற்றுக்கு இவரை அணுகலாம்.

இயன்முறை மருத்துவரும் மறுவாழ்வு மருத்துவரும்

இருவரும் ஒருவரே எனப் பலர் கருதுகின்றனர். இயன்முறை மருத்துவர் உடற்பயிற்சி, மின்சிகிச்சை முதலியவற்றை அளிக்கிறார். மறுவாழ்வு மருத்துவர் மருந்து எழுதுகிறார். தசை இறுக்கத்துக்கு ஊசி போடுகிறார். செயற்கைக் கால், தாங்கு கருவிகளைப் பரிந்துரைக்கிறார். தண்டுவடக் காயமுற்றவரின் சிறுநீர்ப்பை, படுக்கைப்புண் ஆகியவற்றையும் கவனிக்கிறார். சிறுநீர் முழுமையாக வெளியேறாமல் தேங்கினால் சிறுநீரகம் பழுதடையக்கூடும். பயிற்சியால் மட்டும் இதைத் தடுக்க இயலாது.

இந்தியாவில்

மும்பையில் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் 1955-இல் தொடங்கப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இத்துறையை வளர்த்தவர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு நடக்கும் திறனை இழந்த இவர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

சிறு நகரங்களில் கண்டறிதல்

சிறு நகரங்களில் இத்துறைக்கெனத் தனி மருத்துவமனை இருப்பது அரிது. அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பி.எம்.ஆர். புறநோயாளிப் பிரிவு உள்ளதா, எந்த நாள்களில் இயங்குகிறது என முதலில் விசாரிக்கலாம். 'ரிஹாப் சென்டர்' என்ற பெயர்ப்பலகையை மட்டும் நம்பலாகாது. மதுப்பழக்க மீட்பு இல்லங்களும் அப்பெயரில் இயங்குகின்றன. மருத்துவரின் பட்டத்தை மாநில மருத்துவ மன்றப் பதிவேட்டில் சரிபார்க்கலாம்.

ஊரில் எவரும் இல்லையெனில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்பே, சிகிச்சையளித்த நரம்பியல் அல்லது எலும்பியல் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் பெறுவது நல்லது. பெருநகர மருத்துவர் வகுக்கும் திட்டத்தை உள்ளூர் இயன்முறை மருத்துவர் தொடரலாம். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிக்கப்படுகிறது.

காலத்தின் முக்கியத்துவம்

பக்கவாதத்துக்குப் பின் முதல் சில மாதங்களிலேயே முன்னேற்றம் பெரும்பாலும் விரைவாக நிகழ்கிறது. அசைக்கப்படாத மூட்டுகள் அக்காலத்திலேயே இறுகத் தொடங்கிவிடும். எனவே மறுவாழ்வு மருத்துவரைத் தேடும் பணியை, நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.