கேள்விக்குள் இருக்கும் கேள்வி

ரமண மகரிஷி பிறந்த திருச்சுழி எந்த மாவட்டத்தில் இருக்கிறது? மதுரை, ராமநாதபுரம், விருதுநகர் என்று மூன்று விடைகள் சொல்லலாம். அந்தந்தக் காலத்துக்கு மூன்றுமே சரி. அவர் பிறந்த 1879-ல் அது மதுரை மாவட்டம். 1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து ராமநாதபுரம் மாவட்டம் உருவானது. 1985-ல் அது மூன்றாகப் பிரிந்தபோது, அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தன. குண்டாற்றங்கரையில் ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது; அதைப் பற்றிய ஆவணங்கள்தான் மூன்று மாவட்டங்களின் பெயரில் சிதறிக் கிடக்கின்றன.

இந்தச் சிதறலுக்குள் வழி காட்டுவதே, வாசகர் கேள்விகளுக்குத் தகவல் தேட உதவும் குறிப்புதவி நூலகரின் வேலை.

மானாவாரிச் சீமையான திருச்சுழி வட்டாரத்தில் ஒரு விவசாயி நூலகத்துக்கு வந்து, "எங்க ஊர் வரலாறு புத்தகம் இருக்கா சார்?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். "இல்லை" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. "அதுல என்ன பாக்கணும்னு நெனைக்கிறீங்க, ஐயா?" என்று கேட்டால் விஷயம் வெளிவரும்: ஊர்க் கண்மாயின் பழைய பரப்பு அவருக்குத் தெரிய வேண்டும். உடனே தேடலின் திசையே மாறுகிறது. இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி ராமநாதபுரம் ஜமீனில் இருந்தது. 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிந்தைய நில அளவைப் பதிவேடுகள் ஒரு வழி. அதற்கு முந்தைய ஜமீன் கணக்குகள் வேறு வழி. நெல்சன் 1868-ல் எழுதிய மதுரைச் சீமை நூலும் பழைய மாவட்ட விவரச்சுவடிகளும் பின்னணி தரும்.

மனிதர்கள் ஏன் நேராகக் கேட்பதில்லை? 1968-ல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் டெய்லர் இதை ஆராய்ந்தார். தேவை முதலில் சொல்லற்ற உறுத்தலாக இருக்கிறது. பிறகு மனதில் மங்கலாகத் தெரிகிறது. அடுத்து தெளிவான வாக்கியமாகிறது. கடைசியில், 'நூலகத்தில் என்ன கிடைக்கும்' என்ற ஊகத்துக்கு ஏற்பச் சுருங்குகிறது. நம் காதில் விழுவது அந்தக் கடைசி வடிவம் மட்டுமே. அங்கிருந்து முதல் உறுத்தலை நோக்கிப் பின்னால் நடப்பதே குறிப்புதவி நூலகரின் கலை.

கணினித் தேடல் இந்த வேலையை ஒழித்துவிடவில்லை. திருச்சுழியைத் தேவாரத் தலமாகத் தேடுகிறவர் 'திருச்சுழியல்' என்று தேட வேண்டும். ஆங்கில ஆவணங்களில் ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டல் நூலுக்கு நூல் மாறும். எந்தச் சொல்லை இட வேண்டும் என்று தெரிந்தவருக்கே தேடுபொறி முழுப்பயன் தரும்.

நூலகர் வேலையைப் பாடமாகப் பயிலும் மரபு தமிழ்நாட்டில் பழையது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன், கணிதப் பேராசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1929-ல் நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கக் காரணமானார். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று. இன்று ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர் நூலக அறிவியல் இளநிலை, முதுநிலைப் படிப்புகளில் சேரலாம். மதுரை காமராசர், அழகப்பா பல்கலைக்கழகங்களில் இதற்கான துறைகள் உள்ளன.

நூல்களைப் பகுக்கவும் அட்டவணைப்படுத்தவும் அங்கே கற்றுக்கொள்ளலாம். ஆனால் பயிற்சியை இன்றே தொடங்கலாம்: சொந்த ஊரின் பழைய பெயர்கள், அது இருந்த தாலுகாக்கள், ஜமீன், கண்மாய், ஒவ்வொன்றின் ஆவணமும் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். ஓர் ஊரை இப்படி முழுமையாகத் தேடிப் பழகியவர், அறியாத எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் எங்கே தொடங்குவது என்று அறிவார்.