எலும்பு என்னும் காப்பு நிதி

சங்கத்தின் கணக்கைத் தணிக்கை செய்யுங்கால் நாம் முதலில் நோக்குவன இரண்டு: ஒன்று அன்றாட ரொக்கக் கையிருப்பு, மற்றொன்று காப்பு நிதி. கையிருப்பு குறைந்தால் நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் இயலாது. அதனை ஈடு செய்யக் காப்பு நிதியிலிருந்து ஓயாமல் எடுத்து வந்தாலோ, சங்கம் வெளிப்பார்வைக்குச் செழிப்பாகத் தோன்றி, உள்ளே உளுத்துப் போகும். நம் உடலிலும் சுண்ணாம்புச் சத்து இவ்வாறே இரு கணக்குகளில் இருக்கிறது. அக்கணக்கை இரவும் பகலும் காத்துவரும் நான்கு சிறு சுரப்பிகளைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

இருப்பும் புழக்கமும்

வளர்ந்த மனிதரின் உடலில் ஏறக்குறைய 1 கிலோ சுண்ணாம்புச் சத்து உண்டு. இதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் அடங்கியிருக்கிறது. எஞ்சிய சிறு பங்கே இரத்தத்திலும் பிற உறுப்புகளிலும் புழங்குகிறது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 8.5 முதல் 10.5 மில்லி கிராம் வரை இருப்பதே சரியான அளவாகும். நெஞ்சு துடிப்பதற்கும், தசை சுருங்குவதற்கும், காயத்தில் இரத்தம் உறைவதற்கும் இச்சிறு அளவே துணை. இது குறைந்தால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு உண்டாகும். கை கால்கள் இசிவு கொள்ளும். மிகவும் குறைந்தால் உயிருக்கே ஆபத்து நேரும்.

நான்கு காவலர்

கழுத்தின் முன்புறத்தில் தைராய்டு சுரப்பி இருக்கிறது. அதன் பின்புறத்தில், பெரும்பாலோருக்கு நான்காக, அரிசி மணியளவில் அமைந்தவையே பாராதைராய்டு சுரப்பிகள். லண்டன் விலங்குச் சாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை ஆராய்ந்தபோது ரிச்சர்ட் ஓவன் என்னும் அறிஞர் இவற்றைக் கண்டார். மனித உடலில் இவை இருப்பதை 1880இல் விரிவாக எழுதியவர் சுவீடன் நாட்டு உப்சாலாவில் மருத்துவம் பயின்ற ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம்.

இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சற்றே குறைந்தாலும் இச்சுரப்பிகள் அதனை உணர்ந்து, ஒரு நீரை இரத்தத்தில் விடுகின்றன. அது மூன்று வழிகளில் பணி புரிகிறது. முதலாவதாக, எலும்பிலுள்ள இருப்பைக் கரைத்து இரத்தத்திற்கு அனுப்புகிறது. இரண்டாவதாக, சிறுநீரோடு வீணாகக்கூடிய சத்தைச் சிறுநீரகம் மீட்டுக்கொள்ளச் செய்கிறது. மூன்றாவதாக, வைட்டமின் டி சத்தைச் சிறுநீரகத்தின் வாயிலாகச் செயலுக்குக் கொணர்ந்து, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் மிகுதியாக ஏற்குமாறு செய்கிறது. அளவு நிறைந்ததும் சுரப்பு தானே தணிகிறது.

காவலரே மிகையானால்

சுரப்பி ஒன்று கட்டியாக வீங்கி அடங்காது சுரந்தால் எலும்பு கரையும். சிறுநீரகத்தில் கல் உண்டாகும். வியன்னா நகரில் டிராம் வண்டித் தொழிலாளி ஒருவர் எலும்பு நைந்து நடக்க இயலாது கிடந்தார். சுரப்பு குறைந்ததே காரணம் என எண்ணி, மருத்துவர் பெலிக்ஸ் மாண்டில் முதலில் அச்சுரப்பியின் சாற்றையே கொடுத்துப் பார்த்தார், பயனில்லை. 1925இல் கழுத்தை அறுத்துக் கட்டியை அகற்றியபின் நோயாளி தேறினார். சில ஆண்டுகளுக்குப் பின் நோய் மீண்டும் தோன்றியதாயினும், குற்றம் சுரப்பியின் மிகையே என்பது அன்று விளங்கிற்று.

கறவை மாட்டின் நிலை

ஈன்றவுடன் பால் மிகுதியாகச் சுரக்கும் பசுவின் இரத்தத்திலிருந்து சுண்ணாம்புச் சத்து திடீரெனப் பாலுக்குச் சென்றுவிடுகிறது. சுரப்பிகளின் ஏற்பாடு அதனை ஈடு செய்யுமுன் பசு தள்ளாடிப் படுத்து, கழுத்தை விலாப்புறம் மடித்துக்கொள்கிறது. இதுவே பால் காய்ச்சல். பெயர் காய்ச்சலாயினும் காதுகள் குளிர்ந்தே இருக்கும். அந்நிலையில் வாய்வழி மருந்து ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் புகக்கூடும். கால்நடை மருத்துவர் இரத்தக் குழாயில் சுண்ணாம்பு மருந்தை மெல்லச் செலுத்தினால் பசு விரைவில் எழும்; தாமதித்தால் இறந்துபோகும். பால் வற்றிய காலத்தில் சுண்ணாம்புச் சத்தை அளவின்றிக் கொடுத்தால் சுரப்பிகள் வேலையின்றி மந்தமாகிவிடும். பின்னர் ஈன்ற வேளையில் கை கொடா. எனவே ஈனுவதற்கு முந்திய வாரங்களில் தாது உப்புக் கலவையை மருத்துவரைக் கேட்டே கொடுத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

கழனியில் உழைப்போருக்கு வெயில் குறைவில்லை. தறிக்குழியில் காலை முதல் மாலை வரை அமரும் நெசவாளர்க்கும், வீட்டினுள்ளே இராட்டை சுற்றும் பெண்டிர்க்கும் அது அரிது. தோலில் வெயில் படாவிடின் வைட்டமின் டி குறையும். குடல் சத்தை ஏற்காது. அப்போதும் சுரப்பிகள் கையிருப்பைக் குறையவிடா. எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். ஆதலின் இரத்தக் கணக்கு சரியாக இருக்க, இடுப்பிலும் காலிலும் ஓயாத வலி தோன்றும். இதனை முதுமை என்றோ உழைப்பின் களைப்பு என்றோ தள்ளிவிடலாகாது. மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

வயது வந்தோர்க்கு நாளொன்றுக்கு 1,000 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் உண்டு. பால், மோர், எள், முருங்கைக் கீரை, முள்ளோடு உண்ணும் சிறு மீன் ஆகியவையும் உதவும். வெயில் ஏறிய வேளையில் சிறிது நேரம் வெளியில் உலாவுதலும் நன்று. மாத்திரைகளை மட்டும் தாமாக வாங்கி விழுங்க வேண்டா; மிகுதியும் தீங்கே.

காப்பு நிதியில் கை வைக்காமல் நாளைய செலவை நாளைய வரவால் நடத்தும் சங்கமே நிலைக்கும். உடலுக்கும் அதுவே விதி.