பத்தாம் எண் சட்டை யாருக்கு?

பிரிட்டனின் மேற்கு ஓரத்தில் மலையும் பள்ளத்தாக்குமாய்க் கிடக்கும் வேல்ஸ் நாட்டில் ஏறக்குறைய 30 லட்சம் ஜனங்களே வசிக்கிறார்கள்; ஆனால் அந்நாட்டு ரக்பி அணிக்கு ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுக்கத் தகுதி படைத்தவர் எவர் என்று கேட்டால், 30 லட்சம் பேரும் தாமே என்று முன்வந்து நிற்பார்கள். இன்று ஆடுகிற அணி அவர்களுக்குப் போதுவதில்லை. காலஞ்சென்றவர்களையும் ஓய்வுபெற்றவர்களையும் எழுப்பிக் கொண்டுவந்து ஒரே மைதானத்தில் இறக்கி, எக்காலத்துக்கும் உரிய பதினைவர் இவர்களே என்று மானசிகமாக ஓர் அணி வகுத்து, அதன் பொருட்டு மணிக்கணக்கில் சர்ச்சை செய்வது அவர்களுக்கு நித்திய விநோதம். முற்காலத்தில் மெய்யான அணியைத் தேர்ந்தெடுக்க ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று இருந்தது. ‘பிக் ஃபைவ்’ என்று அதற்குப் பெயர். அந்த ஐவரின் தீர்ப்பில் குற்றம் காணும் வழக்கம்தான் நாளடைவில் இந்தக் கற்பனைத் தேர்வாகவும் முதிர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆட்டத்தைப் பாராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரக்பி யூனியனில் அணிக்குப் பதினைந்து பேர். முன்னணியில் எண்மர் எதிரிகளோடு முட்டி மோதிப் பந்தைக் கைப்பற்ற, பின்னணியில் எழுவர் அதை ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். எதிரியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் அழுத்தினால் அது ‘ட்ரை’. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நிற்பவர்கள் இருவர். ஒன்பதாம் எண்ணுக்குரிய ஸ்க்ரம் ஹாஃப் கைகால்களின் குவியலிலிருந்து பந்தை எடுத்து எறிவார். பத்தாம் எண்ணுக்குரிய ஃப்ளை ஹாஃப் அதைப் பிடித்து, ஓடுவதா, பிறர்க்கு வழங்குவதா, காலால் உதைப்பதா என்பதைக் கண்ணிமைப்பதற்குள் தீர்மானிப்பார். வேல்ஸ்காரர்களுக்கு இந்தப் பத்தாம் ஸ்தானத்தின் மீது உள்ள அபிமானம் சொல்லி முடியாது. பூமிக்கடியில் ஃப்ளை ஹாஃப்களை உற்பத்தி செய்யும் ரகசியத் தொழிற்சாலை ஒன்று இருப்பதாக மேக்ஸ் பாய்ஸ் என்ற ஹாஸ்யப் பாடகர் பாட்டே கட்டிவிட்டார்.

மற்ற ஸ்தானங்களில் அத்தனை கலகம் இல்லை. ஒன்பதாம் எண் கேரத் எட்வர்ட்ஸுக்கு என்பதில் அநேகமாக ஆட்சேபமே எழுவதில்லை. 1967 முதல் 1978 வரை ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் தொடர்ச்சியாக 53 முறை நாட்டுக்கு ஆடியவர் அவர். கடைக்காவலுக்கு ஜே.பி.ஆர். வில்லியம்ஸ், ஓரத்தில் ஓட ஜெரால்டு டேவிஸ் என்று பட்டியல் தடையின்றி நடக்கும். முன்வரிசையில் பாண்டிபூல் கிளப்பின் ஃபாக்னர், வின்ட்ஸர், பிரைஸ் மூவரையும் பிரிக்க மனம் வராமல் சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். இதில் ஒரு அநியாயமும் உண்டு: அடியில் கிடந்து பளு சுமப்பவரின் சாமர்த்தியம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆகவே அவரைப் பற்றிச் சண்டையிட ஆளும் இல்லை.

பத்தாம் எண்ணுக்கு வந்தவுடன் குரல்கள் உயர்கின்றன. முதலில் பாரி ஜான். 1971இல் பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடிய பிரிட்டிஷ் லயன்ஸ் அணி நியூஸிலாந்துக்குச் சென்று தொடரை வென்றபோது, நான்கு டெஸ்ட்களிலும் அணி எடுத்த 48 புள்ளிகளில் 30 இவருடையவை. டனீடினில் நடந்த முதல் டெஸ்டில், எதிரணியின் கடைக்காவலரான ஃபெர்கி மெக்கார்மிக் எங்கே இல்லையோ அங்கே பார்த்துப் பந்தை உதைத்து உதைத்து, அந்த மனிதரை அப்படியும் இப்படியும் அலைக்கழித்தார். மெக்கார்மிக்குக்கு அதுவே கடைசி டெஸ்டாகவும் முடிந்தது. அடுத்த ஆண்டே, 27 வயதில், புகழின் பாரம் தாங்கவில்லை என்று பாரி ஜான் ஆட்டத்தைத் துறந்தார்.

அவர் விட்ட சட்டையை அணிந்தவர் ஃபில் பெனட். 1973 ஜனவரியில் கார்டிஃபில் பார்பேரியன்ஸ் என்னும் அழைப்பு அணிக்கும் நியூஸிலாந்துக்கும் நடந்த ஆட்டத்தின் படத்தைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். தம் எல்லைக்கோட்டருகே பந்தைப் பொறுக்கிய பெனட், அதை வெளியே உதைத்துத் தப்பிப்பதே விவேகம் என்று எவரும் சொல்லக்கூடிய அந்த இடத்தில், பாய்ந்துவரும் எதிரிகளை ஒருவர்பின் ஒருவராகப் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தே ஏமாற்றிவிட்டுப் பந்தை வில்லியம்ஸிடம் தருகிறார்; கழுத்தைப் பிடித்து இழுக்கப்பட்ட நிலையிலும் அவர் அதை அடுத்தவருக்குத் தள்ள, கைகள் பல மாறி, கடைசியில் எட்வர்ட்ஸ் இடக்கோடியில் பாய்ந்து விழுந்து ட்ரை போடுகிறார்.

இவர்களோடு, 1950களில் 29 முறை ஆடிய கிளிஃப் மார்கனைச் சொல்லும் முதியவர்களும், ஜானதன் டேவிஸைச் சொல்லும் நடுவயதினரும் உண்டு. டேவிஸ் விஷயத்தில் ஒரு துக்கம் கலந்திருக்கிறது. 1995 வரை ரக்பி யூனியனில் ஊதியம் பெறுவது நிஷித்தம். கூலி கொடுக்கும் ரக்பி லீகுக்கு 1989இல் அவர் போனதும் யூனியனின் கதவு அவருக்கு அடைபட்டது. அவர் போகாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி, கற்பனை அணிக்குள் மற்றொரு கற்பனையாக நுழைந்துகொள்கிறது.

புள்ளிவிவரம் இதைத் தீர்க்குமா என்றால், தீர்க்காது. ட்ரைக்கு 1971 வரை 3 புள்ளி, பிறகு 4, 1992 முதல் 5. அளவுகோலே மாறிக்கொண்டிருந்தால் அளப்பது எப்படி? எட்வர்ட்ஸோடு இணங்கி ஆடியவர் பாரி ஜான்தான் என்ற வாதமும் நிற்பதில்லை. பெனட்டும் 1978 வரை அதே எட்வர்ட்ஸின் பக்கத்தில்தான் ஆடினார். யாரை எதிர்த்து, எந்த நிலையில் ஆடப்போகிறோம் என்று சொல்லாமல் அணி வகுப்பதே இந்தச் சர்ச்சையின் மூல தோஷம் என்பது என் அபிப்பிராயம். ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தை நிர்வகிக்கப் பாரி ஜானை விடச் சிறந்தவர் இல்லை. எல்லாம் கைநழுவும் வேளையில் எனக்குப் பெனட்தான் வேண்டும்.

இளைஞர்களோ டான் பிகரை முன்னிறுத்துகிறார்கள். அவர் வேல்ஸுக்கு ஆடியவை 112 ஆட்டங்கள். பாரி ஜானின் 25, பெனட்டின் 29, மார்கனின் 29 ஆகியவற்றைக் கூட்டினாலும் 83தான் வருகிறது. அக்காலத்தில் ஆண்டுக்கு நாலைந்து சர்வதேச ஆட்டங்களே கிடைத்தன என்று பெரியவர்கள் பதில் சொல்வார்கள். அப்படியானால் பிகரை மாற்று ஆட்டக்காரராக வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது சமரசம் பேசினால், காயம் பட்டாலொழிய எவரும் வெளியேறாத காலத்து அணிக்கு மாற்று ஆள் எதற்கு என்று அதற்கும் ஒரு சண்டை ஆரம்பமாகிறது.