விண்வெளியில் விளைந்தது பதரா, மணியா?

பயிர் பச்சைப் பசேலென்று நின்று, கதிரும் வாங்கி, அறுத்துக் கசக்கிப் பார்த்தால் ஒரு மணிகூட இல்லையென்றால் விவசாயியின் மனம் என்ன பாடுபடும்? 1996 டிசம்பரில் அப்படி ஓர் அறுவடை நடந்தது. அது நடந்த இடம் பூமியில் இல்லை. ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்த ரஷ்யாவின் ‘மிர்’ விண்வெளி நிலையத்தில் நடந்தது.

விண்வெளி நிலையம் என்பது மனிதர்கள் மாதக்கணக்கில் தங்கி ஆராய்ச்சி செய்யும் ஆகாயக் கூடம். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றி வந்துவிடும். உள்ளே எந்தப் பொருளுக்கும் எடை தெரியாது; எல்லாம் மிதக்கும். அங்கே இருப்பவர்களுக்கு வேண்டிய உணவு பூமியிலிருந்து ராக்கெட்டில் போகிறது. நாளைக்குச் செவ்வாய்க் கிரகம் வரை மனிதன் போவதானால் இத்தனை மூட்டைகளைச் சுமந்து போக முடியாது. போகிற இடத்தில் பயிர் செய்தாக வேண்டும். ஒரு போகம் மட்டும் போதாது. விளைந்ததிலிருந்தே அடுத்த விதையையும் எடுக்க வேண்டும். அது முடியுமா என்பதுதான் விஞ்ஞானிகள் முன் நின்ற கேள்வி.

முதல் முயற்சிகள்

1971-ல் சோவியத் நாடு அனுப்பிய ‘சல்யூட்-1’ உலகின் முதல் விண்வெளி நிலையம். அதிலேயே ஒரு சிறு பெட்டியில் ஆளிச்செடி முளைக்க வைக்கப்பட்டது. அதைக் கவனித்து வந்த விக்டர் பட்சாயெவும் அவருடைய இரு தோழர்களும் பூமிக்குத் திரும்பும் வழியில் கலத்தின் காற்று கசிந்து உயிரிழந்தனர். முயற்சி நிற்கவில்லை. 1982-ல் ‘சல்யூட்-7’ நிலையத்தில், கடுகு இனத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடி பூத்து விதையும் தந்தது. ஆனால் அது வயிற்றுக்கு ஆகும் பயிர் அல்ல.

தண்ணீர் ஒருபுறம், காற்று ஒருபுறம்

பூமியில் தண்ணீர் விட்டால் அது மண்ணுக்குள் இறங்குகிறது. மீதி வடிந்ததும் மண் துகள்களின் இடைவெளியில் காற்று புகுகிறது. வேர் நீரும் குடிக்கிறது, மூச்சும் விடுகிறது. விண்வெளியிலோ நீருக்கு மேல் கீழ் தெரியாது. வடிவதற்கு வழியில்லாமல், பசை தடவியது போல வேரைச் சுற்றி ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்துவிடும். தண்ணீர் தேங்கிய நாற்றங்காலில் நாற்று வெளுப்பது போலத்தான் அங்கேயும் நடக்கும்.

இலைக்கும் இதே தொல்லை உண்டு. சூடான காற்று மேலே எழும்பாததால் இலையைச் சுற்றியுள்ள காற்று அசையாமல் நின்றுவிடும். ஆகையால் மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரண மண்ணுக்குப் பதிலாக, காற்று நுழையும்படி பொறுக்கு மணலளவில் உள்ள துகள்களைப் பயன்படுத்துகிறார்கள். நீரை அளந்துதான் விடுகிறார்கள்.

மூன்று நாட்டுப் பயிர்

‘மிர்’ நிலையத்தில் இருந்த பயிர்ப் பெட்டியின் பெயர் ‘ஸ்வெட்’. அதைச் செய்து கொடுத்த நாடு பல்கேரியா. 1990-ல் அது மேலே போய்ச் சேர்ந்தது. பிறகு அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அளவுக் கருவிகளைத் தந்தனர். நிலையம் ரஷ்யாவுடையது. ஒரு காலத்தில் ஒன்றையொன்று நம்பாத நாடுகள் ஒரு முழத்துக்கும் குறைவான பாத்தியில் சேர்ந்து விவசாயம் செய்தன.

1995-ல் விதைத்த கோதுமைக்கு விளக்குகள் பழுதாயின. பயிர் கதிருக்கு வரவில்லை. 1996 ஆகஸ்டில், அமெரிக்க வீராங்கனை ஷானன் லூசிட் நிலையத்தில் இருந்தபோது, குட்டை ரகக் கோதுமை மறுபடி விதைக்கப்பட்டது. அவருக்குப் பின் வந்த ஜான் பிளாஹா டிசம்பரில் அறுத்தார். இருநூறுக்கும் மேற்பட்ட கதிர்கள் கிடைத்தன. பூமிக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தபோது அத்தனையும் பதர்!

குற்றவாளி எத்திலீன்

எடையில்லாத நிலையில் மணி பிடிக்காதோ என்றுதான் முதலில் ஐயம் எழுந்தது. ஆனால் காரணம் நிலையத்தின் காற்றில் இருந்தது. மூடிய அறைக்குள் எத்திலீன் என்னும் வாயு சேர்ந்திருந்தது. வாழைத்தாருக்கு மூட்டம் போடும்போது புகையில் உண்டாகிக் காயைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான் இது. செடிகளும் பழங்களும் பூஞ்சணங்களும் இதை வெளிவிடும். திறந்த வயலில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அடைத்த இடத்தில் சிறிதளவு சேர்ந்தாலும் கோதுமையின் மகரந்தம் மலடாகிவிடும். பூமியிலுள்ள ஆராய்ச்சிக்கூடத்தில் எத்திலீனைச் செலுத்திக் கோதுமையை வளர்த்துப் பார்த்தபோது அங்கும் பதரே விளைந்தது.

1997-ல் மைக்கேல் ஃபோல் என்ற வீரர் கடுகு இனப் பயிர் ஒன்றை அதே பெட்டியில் விதைத்தார். ஜூன் 25-ஆம் தேதி சரக்குக் கலம் ஒன்று நிலையத்தின் மீது மோதியது. காற்று கசிந்தது, மின்சாரமும் பெருமளவு போயிற்று. உயிர் தப்பியதே பெரிது என்ற நிலையிலும் அவர் செடிகளைக் கைவிடவில்லை. தேனீ இல்லாத இடமாதலால் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையாலேயே சேர்த்து விதை எடுத்தார். அந்த விதையை மறுபடி விதைத்தார், அது முளைத்தது.

கோதுமைக்கு மாற்று வழி ரகத் தேர்வு. எத்திலீனைத் தாங்கக்கூடிய ‘அப்போஜி’ என்ற குட்டை ரகம் அனுப்பப்பட்டது. 1999-ல் அது ஐந்நூறுக்கு மேற்பட்ட மணிகளைத் தந்தது. எடையில்லாத இடத்திலும் மணி பிடிக்கும் என்பது உறுதியாயிற்று.

கீரை, மிளகாய், நெல்

‘மிர்’ நிலையம் 2001-ல் பசிபிக் கடலில் இறக்கப்பட்டது. அதற்குள் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கனடா, ஐரோப்பிய நாடுகள் எனப் பதினைந்து நாடுகள் கூடிச் சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கட்டத் தொடங்கியிருந்தன. 2000 நவம்பர் முதல் அதில் ஆள் இல்லாத நாளே இல்லை. 2015 ஆகஸ்டில் அங்கு விளைந்த சிவப்பு லெட்யூஸ் கீரையை இரண்டு அமெரிக்கரும் ஒரு ஜப்பானியரும் பகிர்ந்து உண்டனர்.

அதே ஆண்டு வளர்த்த ஜின்னியா பூச்செடிகளில் ஈரம் மிகுந்து இலை சுருண்டு பூஞ்சணம் பிடித்தது. எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதைப் பூமியிலிருந்தே அட்டவணை போட்டு அனுப்பி வந்தார்கள். அது சரிப்படவில்லை. செடியைக் கண்ணால் பார்ப்பவரே முடிவு செய்யட்டும் என்று, வீரர் ஸ்காட் கெல்லியிடம் பொறுப்பை விட்டார்கள். சில செடிகள் செத்தன. மற்றவை தேறி 2016 ஜனவரியில் பூத்தன. வரப்பில் நிற்பவனுக்குத்தான் பயிரின் வாட்டம் தெரியும் என்பது அங்கேயும் செல்லுபடியாயிற்று.

2021 ஜூலையில் விதைத்த மிளகாய் அக்டோபரில் பறிப்புக்கு வந்தது. 2022-ல் சீனா தன் சொந்த விண்வெளி நிலையத்தில் நெல்லை விதைத்து, சுமார் 120 நாளில் நெல்மணி எடுத்தது. 2025-ல் இந்திய வீரர் சுபான்சு சுக்லா சர்வதேச நிலையத்தில் பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்க வைத்தார். அது தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் தார்வாட் ஐ.ஐ.டி.யும் வகுத்துக் கொடுத்த சோதனை.

வயலுக்கு என்ன பயன்?

விண்வெளிப் பயிர்ப் பெட்டியில் எத்திலீனை அகற்றுவதற்காக அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறை, பிறகு பூக்களையும் காய்கறிகளையும் சேமிக்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்கு வந்தது. கருவி வாங்க வசதியில்லாத சிறு விவசாயியும் இதன் அடிப்படையைப் பின்பற்றலாம். பழுக்கும் வாழை, மா, தக்காளி இவற்றோடு கீரையையும் பூக்களையும் ஒரே மூடிய அறையில் அடைக்க வேண்டாம். பழத்திலிருந்து வரும் எத்திலீன் கீரையை மஞ்சளாக்கும். பூவை வாட வைக்கும். தனித்தனியே வைத்து, அறையில் காற்றோட்டம் விட்டாலே சேதம் குறையும்.

இரண்டாவது, வடிகால். காய்கறிப் பயிருக்கு நீர் பாய்ச்சுவதில் காட்டும் அக்கறையை அதை வடிப்பதிலும் காட்ட வேண்டும். மேட்டுப்பாத்தி அமைத்து நாற்றுவிட்டால் வேருக்கு மூச்சு கிடைக்கும். நீர் வடிவதும் காற்று வீசுவதும் நிலத்தில் செலவில்லாமல் நடக்கின்றன. அவற்றை ஒரு முழப் பாத்தியில் உண்டாக்க மூன்று நாடுகள் பல ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது.