திருவொற்றியூர் வீட்டில் ஒரு லேப்டாப்: அன்றும் இன்றும்

இருபது ஆண்டுகளுக்கு முன்பு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அப்பா துறைமுகத்திலோ லேலண்டிலோ எம்.ஆர்.எஃப்.பிலோ நிரந்தர வேலையில் இருப்பார். போனஸ் பணத்தில் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் கூடத்தில் துணி போர்த்தி நிற்கும். மற்ற பிள்ளைகளுக்கு பிரவுசிங் சென்டர்தான் கதி. பலகை தடுத்த சின்ன அறைக்குள் நாலு பேர் சேர்ந்து காசு போட்டு, ஒரு மணி நேரம் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுவார்கள். லேப்டாப் என்பது ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவர்களின் தோளில் தொங்குகிற பொருள், நம் வீட்டுக்கு வராது என்பதுதான் அன்றைய நினைப்பு.

அந்த நினைப்பை மாற்றியது அரசாங்கம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு லெனோவோ, ஏசர், ஹெச்.சி.எல். என்று வாங்கிக் கொடுத்தது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், அவ்வளவுதான். என்ன மாடல், என்ன சீரிஸ் என்று யாரும் கேட்கவில்லை. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற அம்மாவின் மகளுக்கும், தண்டையார்பேட்டையில் மூட்டை தூக்குகிறவரின் மகனுக்கும் ஒரே மிஷின். அதில் ரெஸ்யூம் அடித்தார்கள், சி புரோகிராம் எழுதினார்கள், பென் டிரைவில் வந்த படம் பார்த்தார்கள், ராத்திரி ஜிடிஏ வைஸ் சிட்டி ஆடினார்கள். வைஸ் சிட்டி அதற்குள்ளேயே பழைய கேம். புதிய கேம்கள் அந்த மிஷினில் ஓடாது. ஆனாலும் எத்தனையோ குடும்பங்களுக்கு வீட்டுக்குள் வந்த முதல் கீபோர்டு அதுதான். அந்தத் திட்டத்தின் அருமையை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன்.

காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அன்று தேர்வு சுலபம். டெல் கம்பெனியையே எடுத்துக்கொள்ளலாம். 2007-லேயே ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை தொடங்கிய கம்பெனி அது. வீட்டுக்கும் படிப்புக்கும் இன்ஸ்பிரான், சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு வோஸ்ட்ரோ, ஆபீஸுக்கு லாட்டிடியூட், கையில் காசு தாராளமாக உள்ளவர்களுக்கு எக்ஸ்.பி.எஸ். பெயரைச் சொன்னாலே யாருக்கான மிஷின் என்று புரிந்துவிடும். கேமிங்குக்கு ஏலியன்வேர் தனியாக இருந்தது. 1996-இல் அமெரிக்காவின் மயாமியில் தொடங்கிய அந்தக் கம்பெனியை டெல் 2006-இல் வாங்கியது. எங்கள் பக்கத்துப் பையன்கள் ஏலியன்வேரைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள்.

பத்தாண்டுக்கு முன்பு அந்த இடைவெளி குறையத் தொடங்கியது. இன்ஸ்பிரான் வரிசையிலேயே தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட 15 7000 கேமிங் மாடலை டெல் கொண்டுவந்தது. 2018-இல் ஜி3, ஜி5, ஜி7 என்று ஜி சீரிஸ் தனியாகப் பிரிந்தது. பிறகு வந்த ஜி15 இன்ஜினியரிங் காலேஜ் பையன்கள் இ.எம்.ஐ. போட்டு வாங்கும் மிஷின் ஆனது. விம்கோ நகர், காலடிப்பேட்டை வீடுகளுக்குள் கேமிங் லேப்டாப் நுழைந்தது இப்படித்தான். அதை விளையாட்டுச் சாமான் என்று பெரியவர்கள் திட்டினார்கள். வேலை தேடும்போதுதான் அதன் அருமை தெரிந்தது. கட்டட வரைபடம், அனிமேஷன், வீடியோ எடிட்டிங், ஏ.ஐ. பாடம் என்று எதை எடுத்தாலும் கேம் ஆட வைத்த அதே கிராஃபிக்ஸ் கார்டுதான் வேலையைச் செய்கிறது.

இன்று அதே கடையில் அதே கம்பெனி மிஷின் வாங்கப் போகிற பிள்ளைக்குத் தலை சுற்றுகிறது. 2025 ஜனவரியில் டெல் தன் பழைய பெயர்களை எல்லாம் ஓரங்கட்டியது. டெல், டெல் ப்ரோ, டெல் ப்ரோ மேக்ஸ் என்று மூன்று வரிசை. ஒவ்வொன்றிலும் சாதா, பிளஸ், பிரீமியம் என்று தரங்கள். முப்பது வருஷமாகப் புழங்கிய லாட்டிடியூட் போனது, இன்ஸ்பிரானும் போனது. சரியாக ஒரு வருஷத்தில், 2026 ஜனவரியில், எக்ஸ்.பி.எஸ். மட்டும் திரும்பி வந்தது. நடுவில் வாங்கியவரிடம் இருப்பது எந்த வரிசை என்று கடைக்காரருக்கே தடுமாற்றம்.

கேமிங் பக்கமும் இதே கதைதான். ஜி சீரிஸ் இருந்த இடத்துக்கு ஏலியன்வேர் 16 அரோரா வந்துவிட்டது. அதற்கு மேலே 16எக்ஸ் அரோரா. உச்சியில் ஏரியா-51, 16 அங்குலத்திலும் 18 அங்குலத்திலும். ஏரியா-51 எடையிலும் விலையிலும் நம் வீட்டுக் கணக்குக்கு வராது. இனி வரப்போவதாக 2026 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் டெல் காட்டியவை இரண்டு: மெலிசான ஒரு ஏலியன்வேர், விலை குறைவான ஒரு ஏலியன்வேர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியது இரண்டாவதற்குத்தான். ஜி15 போனதால் விழுந்த பள்ளத்தை அது நிரப்பினால் நல்லது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. அதனால் விலை குறைவு என்பதை எவ்வளவு நம்பலாம் என்பது மாடல் கடைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

பெயரை விட்டுவிட்டு உள்ளே பார்க்கச் சொல்லி நான் பிள்ளைகளிடம் வற்புறுத்துவது இதனால்தான். ஆர்.டி.எக்ஸ். 5060 என்று இரண்டு லேப்டாப்பில் ஒரே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆனால் அந்த லேப்டாப் சிப்புக்கு 45 வாட் முதல் 100 வாட் வரை மின்சாரம் கொடுக்கலாம் என்று என்விடியா கம்பெனியே அனுமதிக்கிறது. குறைந்த வாட்டில் ஓடுவது அதிக வாட்டில் ஓடுவதன் வேகத்தைத் தொடாது. எத்தனை வாட் என்று கேட்காமல் பணம் கட்டினால் நஷ்டம் நமக்குத்தான். ரேம் பின்னால் ஏற்ற இடம் இருக்கிறதா, இரண்டாவது எஸ்.எஸ்.டி. போட முடியுமா என்பதும் அப்படியே. இவற்றுக்குப் பதில் மாடல் பெயரில் கிடைக்காது.

எந்த ரிவ்யூவிலும் வராத இன்னொரு விஷயம் நம் ஊர்க் காற்று. திருவொற்றியூரில் ஒரு சர்வீஸ் கடையில், எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த கேமிங் லேப்டாப் ஒன்றின் அடிமூடியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். காற்று வெளியேறும் சன்னமான தகடுகளுக்கு இடையே தூசு சாம்பல் நிறத்தில் கம்பளித் துணிபோல் அப்பியிருந்தது. ஸ்குரூ தலைகளில் செந்துரு. மெக்கானிக் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சிப்பின் மேல் காய்ந்து பொடியாகிப் போன பேஸ்ட்டை வழித்தெடுத்தார். “ஃபேன் நல்லாத்தான் சுத்துது தம்பி, காத்து போக வழியில்ல. ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி கொண்டாந்துடு” என்றார். “கேம் பாதியில இழுக்குதுணா, கார்டு போயிடுச்சோன்னு பயந்துட்டேன்” என்றான் பையன். கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சூடு எல்லை மீறும்போது சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கடல் உப்பும், அனல்மின் நிலையச் சாம்பலும், கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதியும் சேர்ந்த காற்றில் இருக்கிறோம். பெங்களூரு ஏ.சி. அறையில் சோதித்த மிஷின் இங்கே அதே மாதிரி உழைக்காது. மெலிசான மாடலில் காற்றுக்கு இடம் இன்னும் குறைவு. வரப்போகிற மெலிசான ஏலியன்வேரைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அரசு மிஷினும் மாறியிருக்கிறது. நடுவில் நின்றுபோன திட்டம், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு மறுபடி வந்தது. இந்த முறை டெல், ஏசர், ஹெச்.பி.; 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. அன்றைய மிஷினைவிட எத்தனையோ மடங்கு மேல். பைத்தான் படிக்க, டாலி கற்க, புராஜெக்ட் அடிக்கத் தாராளம். ஆனால் தனி கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும் முப்பரிமாண வேலைக்கும் கேம் டிசைனுக்கும் அது போதாது. அங்கேதான் இன்று கோடு விழுகிறது. 2011-க்கு முன்பு கம்ப்யூட்டர் உள்ள வீடு, இல்லாத வீடு என்றிருந்த கோடு, இப்போது கிராஃபிக்ஸ் கார்டு உள்ள வீடு, இல்லாத வீடு என்று நகர்ந்திருக்கிறது. லட்சத்தைத் தாண்டும் மிஷினுக்கு மூன்று வருஷம் இ.எம்.ஐ. கட்ட எல்லா வீட்டாலும் முடியாது.

2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம். கடைக்குப் போகும் பாதை சுருங்கிவிட்டது, கடையில் வாங்கும் சக்திதான் சுருங்கிய இடத்திலேயே நிற்கிறது. இதற்கு வழி இருக்கிறது. வடசென்னை வளர்ச்சித் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது. 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம், படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்கு மேசையும் இன்டர்நெட்டும் கொடுத்தது. அதே மாதிரி இடங்களில், ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மிஷின்கள் பத்து வைக்கட்டும். அவற்றைத் துடைத்து, பேஸ்ட் மாற்றிப் பராமரிக்கும் வேலையை நம் ஊர் மெக்கானிக்குகளுக்கே கொடுக்கட்டும். பகலில் டிசைனும் ஏ.ஐ.யும் படிக்கிறவர்கள் உட்காரட்டும். மாலையில் ஈ-ஸ்போர்ட்ஸ் ஆடுகிறவர்கள் பயிற்சி எடுக்கட்டும். பணம் வைத்து ஆடும் சூதாட்டம் வேறு, ஈ-ஸ்போர்ட்ஸ் வேறு என்று 2025-இல் மத்திய அரசின் சட்டமே பிரித்துவிட்டது. 2011-இல் ஒரு அரசு முடிவு எங்கள் தெருக்களில் கீபோர்டைக் கொண்டுவந்து சேர்த்தது. இன்னொரு முடிவு எடுக்க இதுதான் நேரம்.