அட்டைப்பெட்டியில் 240 ஹெர்ட்ஸ்: போட்டி விளையாட்டுக்கு எந்த மானிட்டர்?

போட்டிக் கணினி விளையாட்டுகளுக்கென விற்கப்படும் மானிட்டர்களின் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் காணப்படும் 144, 240, 360 போன்ற எண்கள், அத்திரை ஒரு விநாடியில் எத்தனை முறை தன் படத்தை மாற்றி வரையவல்லது என்பதைக் குறிக்கின்றன. புதுப்பிப்பு வீதம் எனப்படும் இது ஹெர்ட்ஸ் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. வழக்கமான 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி நிற்கிறது. அந்த நேரம் 144 ஹெர்ட்ஸில் 6.9 ஆகவும், 240இல் 4.2 ஆகவும், 360இல் 2.8 ஆகவும் குறைகிறது. விளம்பரங்கள் பேசாத ஓர் உண்மை இக்கணக்கிலேயே இருக்கிறது: 60இலிருந்து 144க்கு மாறுபவருக்குப் படத்துக்குக் கிட்டத்தட்ட 10 மில்லி விநாடி மிச்சமாக, 240இலிருந்து 360க்குத் தாவுபவருக்கு ஒன்றரை மில்லி விநாடிகூட மிச்சமாவதில்லை.

கவுன்டர்-ஸ்டிரைக் போன்ற துப்பாக்கி விளையாட்டில், கதவிடுக்கைக் குறிவைத்துக் காத்திருக்கும் ஆட்டக்காரரின் கண்முன் எதிராளி அந்த இடுக்கை 0.2 விநாடியில் கடக்கிறார் என்று கொண்டால், 60 ஹெர்ட்ஸ் திரை அவரை 12 படங்களில் காட்டும். 240 ஹெர்ட்ஸ் திரையோ 48 படங்களில் காட்டும். மனிதரின் எதிர்வினைக்கே சுமார் 200 மில்லி விநாடி ஆகும்போது இந்தச் சில மில்லி விநாடிகளால் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம்; ஆனால் திறமையில் ஏறக்குறைய நிகரான இருவர் மோதும்போது அந்த 200 இருவருக்கும் பொதுவாகிவிடுவதால், எதிராளியை யாருடைய திரை முதலில் காட்டியது என்பதற்கு மதிப்பு வந்துவிடுகிறது.

வேகத்தைவிடத் தெளிவில் கிடைக்கும் ஆதாயம் பெரிது எனலாம். நகரும் உருவத்தைக் கண் சீராகப் பின்தொடர்ந்துகொண்டிருக்க, திரையோ ஒவ்வொரு படத்தையும் அடுத்தது வரும்வரை அசையாமல் பிடித்து வைத்திருப்பதால், விழித்திரையில் அவ்வுருவம் இழுபட்டு மங்குகிறது. விநாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் நகரும் உருவம் 60 ஹெர்ட்ஸில் சுமார் 16 பிக்சல் அகலத்துக்கும், 240 ஹெர்ட்ஸில் 4 பிக்சல் அகலத்துக்கும் மங்கும். ஒவ்வொரு படத்தையும் கணப்பொழுது மட்டும் ஒளிரவிட்டு அணைத்த பழைய குழாய்த்திரைகளில் இக்குறை மிகச் சிறிது. தட்டைத்திரைகள் பரவிய பின்னரும் போட்டியாளர் பலர் அவற்றை விட மறுத்ததற்கு வெறும் பழக்கம் மட்டும் காரணமன்று.

ஆயினும் 240 முறை மாற்று என்ற கட்டளை வந்தவுடன் பிக்சல் நிறம் மாறிவிடுகிறதா என்பது தனிக் கேள்வி. ஒரு நிறத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற அது எடுத்துக்கொள்ளும் அவகாசமே மறுமொழி நேரம். விஏ வகைத் திரைகள் ஆழ்ந்த கறுப்பைக் காட்டினாலும், அவற்றுள் பல இருண்ட நிறங்களுக்கிடையே மாறத் தாமதிப்பதால் நிழலில் ஓடும் உருவத்தின் பின்னால் கறை போன்ற தடம் படிகிறது. டிஎன் வகை விரைவானது, ஆனால் நிறம் வெளிறியது. ஐபிஎஸ் இரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல தேர்வு. ஓஎல்இடி வேகத்தில் எல்லாவற்றையும் விஞ்சினாலும் விலை அதிகம், நிலையான படங்கள் நெடுநேரம் நின்றால் தடம் பதியும் அபாயமும் உண்டு. பெட்டியில் காணப்படும் "1 மில்லி விநாடி" என்பதை அப்படியே நம்புவதற்கில்லை. பிக்சலை விரட்ட மிகை மின்னழுத்தம் தரும் ஓவர்டிரைவ் என்னும் வசதியை உச்சத்தில் வைத்து எடுக்கப்பட்ட அளவாக அது இருப்பது வழக்கம். அந்நிலையில் நிறம் இலக்கைத் தாண்டிப்போய்த் திரும்புவதால் உருவங்களைச் சுற்றி வெளிறிய ஓரம் தோன்றும்.

கணினி விநாடிக்கு 90 ஃபிரேம்களை மட்டுமே உருவாக்கித் தருமாயின், 240 ஹெர்ட்ஸ் திரையும் அந்த 90 புதிய படங்களைத்தான் காட்ட முடியும். வாலரண்ட் போன்ற இலகுவான விளையாட்டுகள் நடுத்தர கிராபிக்ஸ் கார்டிலும் 200ஐத் தாண்டக்கூடும். காட்சிச் செறிவு மிகுந்தவை தாண்டா. பிளேஸ்டேஷன் 5 அதிகபட்சம் 120 ஹெர்ட்ஸே தருவதால், அதற்காக மட்டும் 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குவது வீண்செலவு. ஃபிரேம் வீதத்துக்கேற்பத் திரையின் வீதத்தையும் மாற்றிக்கொண்டு படம் குறுக்கே கிழிபடுவதைத் தவிர்க்கும் ஃபிரீசிங்க், ஜி-சிங்க் வசதிகள் இன்று பெரும்பாலான மாதிரிகளில் கிடைப்பதால் அவற்றுக்கெனக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

ஆக, பெரும்பாலோருக்கு 24 அங்குல அளவும் 1920க்கு 1080 பிக்சலும் கொண்ட, 144 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையிலான நல்ல ஐபிஎஸ் திரையே போதுமானது. மந்தமான பிக்சல்கள் கொண்ட மலிவான 240 ஹெர்ட்ஸ் திரையைவிட அது மேல். தாம் ஆடும் விளையாட்டில் 240 ஃபிரேம் நிலையாக வருவதைக் கண்டவர்கள் அடுத்த படிக்குச் செல்லலாம்.

எதை வாங்கினாலும், கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். விண்டோஸ் பல வேளைகளில் புதிய மானிட்டரை 60 ஹெர்ட்ஸிலேயே இயக்கிவிடுவதால், டிஸ்பிளே அமைப்புகளில் உள்ள அட்வான்ஸ்டு டிஸ்பிளே பகுதிக்குச் சென்று, வாங்கிய வீதம் அங்கே தேர்வாகியிருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது.